பதினோரு கோயில்களும் ஒரு வலது கையும்

2017 ஜனவரி 18, புதன்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு, மெஸ்ஸீனியா கடற்கரையில் உள்ள மவ்ரோலிமானி ஊரின் துறைமுகத்திலிருந்து, மூன்று பெட்டிகளில் இருபத்துநான்கு பயணிகளுடன் ஒரு ரயில் புறப்பட்டது. அந்த ஊரில் தண்டவாளம் கிடையாது.

ரயில் என்று ஊர் சொல்கிறது, அவ்வளவுதான். டிராக்டர் அளவு டீசல் வண்டி ஒன்றுக்குத் தகரத்தில் புகைபோக்கி வைத்து, நீராவி எஞ்சின்போல வேஷம் கட்டி, பின்னால் மூன்று பெட்டிகளைக் கோத்திருந்தார்கள். கோடையில் அது சுற்றுலாப் பயணிகளைக் கோட்டைக்கு ஏற்றிப்போகும். குளிர்காலத்தில் பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் திரை கட்டி, மலைமேல் இருக்கும் மேலூரின் கிழவிகளைக் கல்லறைக்கும், மருந்துக்கடைக்கும், ஒருத்தி வீட்டிலிருந்து இன்னொருத்தி வீட்டுக்கும் கொண்டுபோய் விடும். கோட்டையைப் பற்றி நான்கு மொழிகளில் பேசும் பதிவுக் குரல் மட்டும் குளிர்காலத்திலும் ஓயாது. அதை மணியோடு ஒரே ஒயரில் இணைத்துவிட்டார்கள். அதை நிறுத்தினால் மணியும் நின்றுவிடும். மேலூரில் எழுபது வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் வெனிஸ்காரர்கள் கோட்டை கட்டிய கதை ஜெர்மன் மொழியில் மனப்பாடம்.

மேலூருக்கு இதைத் தவிர வேறு எதுவும் ஏறுவதில்லை. முன்பு கழுதை ஏறியது. பிறகு மீன்காரரின் மூன்று சக்கர வண்டி ஏறியது. அதில் போனவர்கள் கல்யாணத்துக்குப் போனாலும் நெத்திலி நாற்றத்தோடு போய் இறங்கினார்கள். 1987-இல் நகராட்சி ஒரு பேருந்தை அனுப்பிப் பார்த்தது. அது இரண்டு பால்கனிகளுக்கு நடுவே சிக்கி நான்கு நாள் நின்றது. இடதுபக்கப் பால்கனிக்காரி ஜன்னல் வழியாக ஓட்டுநருக்கு அவரைக்கொட்டை சூப் நீட்டினாள். ஐந்தாம் நாள் பால்கனியை இடித்துப் பேருந்தை எடுத்தார்கள், ஓட்டுநர் மட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். அதன்பின் நகராட்சி பேருந்துப் பேச்சை எடுக்கவில்லை. 2004-இல் ரயில் வந்தது. அன்றிலிருந்து அதை ஓட்டுகிறவர் சராந்தோஸ்.

சராந்தோஸுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினால் ஓய்வூதியம். இன்று உரிமம் போய்விட்டால், இந்த வயதில் அவரைக் கூப்பிட்டு வேறு எதையும் ஓட்டச் சொல்ல எவனும் இல்லை. நகராட்சியும் ரயிலை ஏதாவது ஒரு தீவுக்கு விற்றுவிடக் காரணம் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் காரணத்தை எழுதும் படிவம், ஓட்டுநர் அறையில் அவருக்குப் பக்கத்து இருக்கையில், மாவட்டப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த பரிசோதகர் ரொதாந்தியின் மடியில் இருந்தது.

பிரச்சினை அவருடைய வலது கை.

சராந்தோஸ் பதினேழு வயதிலிருந்து கம்யூனிஸ்ட். கடவுள் இருந்தால் கேட்க அவரிடம் கேள்விகள் உண்டு, ஆனால் கடவுள் இல்லை என்பதால் கேட்பதில்லை. ரயில் ஓடத் தொடங்கிய முதல் வாரம் அவர் ரயிலை மட்டும்தான் ஓட்டினார். துறைமுகத்திலிருந்து கல்லறை வரை பதினோரு கோயில்கள். ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் பெட்டிகளில் எல்லாக் கைகளும் மூன்று முறை சிலுவை போட்டன. ஓட்டுநர் கை மட்டும் ஸ்டியரிங்கில் கிடந்தது. இரண்டாம் வாரம் ரயிலில் ஆள் இல்லை. கிழவிகள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். கடைசியில் அவர்களின் தலைவி கரூஃபல்யா எஞ்சினுக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள்: "சிலுவை போடாதவன் ஓட்டுற வண்டி பின்னாடி உருண்டுரும். நீ போடு, நாங்க ஏறுறோம். நம்பணும்னு யாரு சொன்னா? கைய ஆட்டினா போதும்."

சராந்தோஸ் ஆட்டினார். கட்சிக் கிளையில் கேட்டவர்களிடம் அதை ஒரு போக்குவரத்து சமிக்ஞை என்று விளக்கினார்.

பன்னிரண்டு வருஷத்தில், ஒரு நடைக்குப் பதினோரு கோயில், கோயிலுக்கு மூன்று முறை என்ற கணக்கில், கை தானாகவே போகக் கற்றுக்கொண்டது. தொலைக்காட்சியில் கோயில் மணி அடித்தாலும் போனது. ஒரு மே தின ஊர்வலத்தில் புனித பரஸ்கெவி கோயிலைக் கடக்கும்போது அவர் கையில் செங்கொடி இருந்தது. அந்தக் கொடி வானத்தில் மூன்று முறை சிலுவை போட்டதை ஊரே பார்த்தது. கட்சிக்காரர்கள் அவரோடு ஆறு மாதம் பேசவில்லை.

போன கோடையில் ரயிலேறிய ஒரு டச்சுக்காரர் இதைப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் புகாராக எழுதி அனுப்பிவிட்டார். செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டுநர் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கிறார், பதினோரு தடவை, இடது கையில் சிகரெட்டோடு. அதன் விளைவுதான் இந்தப் பரிசோதனை. சிகரெட்டை விடுவது சுலபமாக இருந்தது.

மூன்று நாள் சமையலறையில் பயிற்சி நடந்தது. சராந்தோஸ் பெரிய பானையின் மூடியை ஸ்டியரிங்போலப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். மனைவி மரிகோ வெங்காயம் நறுக்கிக்கொண்டே கோயில் பெயரைக் கத்துவாள்.

"புனித நிக்கோலாஸ்!"

மூடி தரையில் விழும்.

"ஏங்க, இது ஆறாவது தடவ. கைய கட்டி வெச்சிரட்டுமா?"

"கட்டின கையோட கியர் போட முடியுமாடி?"

"அப்போ அந்தக் கிழவிங்ககிட்ட விஷயத்த சொல்லிருங்க. ஒரு நாள் பொறுத்துக்க மாட்டாங்களா?"

"சொன்னா? ஊரே கையெழுத்துப் போட்டு மனு எழுதும். கரூஃபல்யா அந்தப் பொண்ணுகிட்ட சண்டைக்குப் போவா. நான் மெஷின் மாதிரி ஓட்டிட்டுப் போறேன், எவளும் கவனிக்க மாட்டா."

மரிகோ அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பதினோரு பெயருக்கும் மூடி அசையவில்லை.

பரிசோதனை வழக்கமான நடையில், வழக்கமான பயணிகளோடு நடக்க வேண்டும் என்பது விதி. அன்று புனித அத்தனாசியோஸ் திருநாள். மலையுச்சியில் கல்லறையோடு ஒட்டிய கோயில் அவருடையது. இருபத்திரண்டு கிழவிகளும் அவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட இரண்டு கிழவர்களும், ஆசீர்வாதத்துக்கான ரொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். கரூஃபல்யா முதல் பெட்டியில், ஓட்டுநர் அறையின் பின்ஜன்னலுக்கு நேர் பின்னால். அந்த ஜன்னலில் கண்ணாடி உடைந்து எட்டு வருஷம் ஆகிறது.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் ரொதாந்தி. முப்பத்தைந்து வயது, தூக்கம் போதாத முகம். "போன வாரம் ஒரு தீவுல குதிரை வண்டிக்காரருக்கு டெஸ்ட். என் படிவத்த குதிரை தின்னுருச்சு. அதுக்கு முன்னாடி கயித்த இழுத்து ஆத்த கடக்குற படகு. இப்ப ரயிலு. எனக்கு எப்பத்தான் ஒரு சாதாரண லாரி கெடைக்கும்னு தெரியல."

"கூட்டிட்டுப் போறது மட்டும்தான் ரயிலுக்கும் வேலை, மேடம்."

"ஓட்டும்போது பயணிகளோட பேசக்கூடாது. தெரியுமில்ல? அதுக்கும் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு."

முதல் கோயில், துறைமுகத்துப் புனித நிக்கோலாஸ். பெட்டிகளில் கைகள் எழுந்தன. சராந்தோஸின் தோள் துடித்தது. பானை மூடியை நினைத்துக்கொண்டார். கை நின்றது. ரொதாந்தி கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

பின்னால் பேச்சு நின்றது. அந்தப் பெட்டியில் பேச்சு நிற்பது புது விஷயம்.

"பாத்தியாடி?" என்றாள் ஸ்தமாதா, கரூஃபல்யாவின் பக்கத்தில் இருந்தவள்.

"பாத்தேன்."

"கை போகல."

"சிகரெட்ட தேடியிருப்பான்."

இரண்டாவது, புனித பரஸ்கெவி. கண்களைக் காக்கும் புனிதை; அவளுக்கு முன்னால் தப்பிப்பது கஷ்டம் என்று ஊர் நம்பியது. கை அசையவில்லை.

"கட்சி மேலிடத்துலருந்து உத்தரவு வந்திருக்கும்" என்றாள் ஸ்தமாதா.

"உத்தரவு போட அங்க ஆளு எங்கடி இருக்கு? எல்லாம் செத்துப்போச்சு."

"பாதிரியாரோட சண்டையோ?"

"சண்டைன்னா இன்னும் பெருசால்ல போடுவான், அவர வெறுப்பேத்த."

மூன்றாவது, அதிதூதர்கள் கோயில். ரயில் கடந்தது. கரூஃபல்யா ரொட்டிக் கூடையை ஸ்தமாதாவின் மடிக்கு மாற்றிவிட்டு முன்னால் குனிந்தாள்.

"நம்மதான் மடச்சிங்க" என்றாள். "வாதம் அடிச்சிருக்கு இவனுக்கு."

"ஐயோ!"

"என் வீட்டுக்காரருக்கு இப்படித்தான். ஞாயித்துக்கெழமை பரஸ்கெவிகிட்ட கை எழும்பல. வீம்புக்கு நிக்கிறாரேன்னு திட்டினேன். அதிதூதர்கிட்ட வாய் ஒரு பக்கமா போச்சு. செவ்வாக்கெழமை நான் அவரோட சாவுச் சடங்குக்குக் கோதுமை வேக வெச்சுட்டிருந்தேன்."

செய்தி இரண்டாம் பெட்டிக்கும் மூன்றாம் பெட்டிக்கும் போனது. மூன்றாம் பெட்டியை அடையும்போது சராந்தோஸுக்கு இரண்டு காலும் போயிருந்தது.

"சராந்தோ!" ஜன்னல் வழியாகக் கரூஃபல்யா கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்சம் சிரிச்சுக் காட்டு."

சராந்தோஸ் பேச முடியாது, பேசினால் கட்டம். கண்ணாடியில் பார்த்து, பரிசோதகருக்குத் தெரியாத பக்கமாக மட்டும் உதட்டை இழுத்துச் சிரித்தார்.

"பாத்தியா?" என்றாள் கரூஃபல்யா. "இடப்பக்கம் மட்டுந்தான் போகுது."

"நேத்து ராத்திரி என்ன சாப்ட, அதையாவது சொல்லுடா!" என்று மறுபடி ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"சும்மா இரு, அக்கா" என்றார் சராந்தோஸ், உதட்டை அசைக்காமல், இடது கடைவாயால்.

"என்ன சொல்றான்?"

"'சும்பா'ன்னானோ என்னவோ. நாக்கும் போச்சு."

நான்காவது கோயிலில் ஸ்தமாதா அழ ஆரம்பித்தாள். பதிவுக் குரல் ஆங்கிலத்தில், வலப்பக்கம் தெரியும் மதில் முற்றுகையை மூன்று மாதம் தாங்கியது என்றது.

ஐந்தாவது கோயிலுக்குப் பிறகு ஏற்றம். அங்கே ரயிலுக்கு ஒரே விதிதான், அதை எந்த அலுவலகமும் எழுதவில்லை: நிறுத்தக்கூடாது. நிறைபாரத்தோடு அந்தச் சரிவில் நின்றால் மறுபடி கிளம்பாது. 2011-இல் ஒரு தடவை நின்று, பயணிகள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். எட்டாவது கோயிலின் முற்றம்தான் அடுத்த சமதரை. சராந்தோஸ் முதல் கியரைப் போட்டார்.

கரூஃபல்யா ஜன்னலுக்குள் தலையை நுழைத்து ரொதாந்தியின் தோளைத் தட்டினாள்.

"பாப்பா, நீ டாக்டரா?"

"இல்ல பாட்டி. பரிசோதகர்."

"நல்லதாப் போச்சு. பரிசோதனை பண்ணு. இவனுக்கு வலது கை வெளங்கல. பன்னெண்டு வருஷமா நாங்க பாக்குறோம், ஒரு கோயில விட்டதில்ல. இன்னிக்கு அஞ்சு கோயிலா மரக்கட்ட மாதிரி கெடக்கு."

ரொதாந்தி பேனாவை நிறுத்தினாள். ஓட்டுநருக்கு உடல்நலக் குறைவு இருப்பதாகத் தெரிந்தால் பரிசோதனையை நிறுத்த வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தது. அவள் படிவத்தைத் திருப்பினாள். சராந்தோஸ் அதைப் பார்த்தார்.

"உங்களால வலது கைய தூக்க முடியுமா?"

"முடியும்."

"தூக்குங்க, பாப்போம்."

"தூக்கினா எழுதுவீங்களே."

"எழுதித்தான் ஆகணும்."

"அப்போ முடியாது."

"முடியாதா?"

"முடியும் மேடம். ஆனா முடியாது."

ரொதாந்தி பின்பக்கத்தில் ஏதோ எழுதினாள். நீளமாக எழுதினாள்.

"வண்டிய நிறுத்திட்டுத் தூக்குங்க."

"இங்க நிறுத்தினா நாளைக்குத்தான் கெளம்பும்."

ஆறாவது கோயில் கடந்தது. கரூஃபல்யா பிறந்தது மானிப் பகுதியில். அங்கே பிறந்த பெண்களுக்கு ஒப்பாரி சொல்லித் தர வேண்டியதில்லை. சுற்று வட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டாள். ஸ்தமாதா ரொட்டிக் கூடையைக் கீழே வைத்தாள், இரண்டு கையும் தேவைப்படும் என்பதால்.

"ஸ்டியரிங்கப் புடிச்ச கையே, சிங்கம்போல இருந்த கையே,
பிரேக்குல காலிருக்க, பேச்சு மட்டும் போனதையா!"

முதல் பெட்டி மார்பில் அடித்துக்கொண்டது. இரண்டாம் பெட்டி வரியை வாங்கித் திருப்பிப் பாடியது. மூன்றாம் பெட்டிக்கு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் அழுதுமட்டும் வைத்தார்கள்.

"மரிகோ தனியா நிப்பா, மாடியில துணி காய,
மூணு பொட்டி ரயில விட்டு முன்னால போறியேடா!"

பதிவுக் குரல் ஜெர்மனுக்கு மாறியது. கிழவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஏழாவது கோயிலின் சுவர் நெருங்கியது. சராந்தோஸின் கழுத்தில் வேர்வை இறங்கியது. அவர் தன் சாவுக்கு வந்திருந்தார், வண்டியும் அவரே ஓட்ட வேண்டியிருந்தது. கரூஃபல்யா அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள். அது அவருடைய கட்சியைப் பற்றிய வரி என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"மோட்சத்து வாசல்ல, மொறச்சுப் பாப்பாரு பேதுரு,
செங்கொடி ஏன்டான்னு..."

வலது கை ஸ்டியரிங்கைவிட்டு எழுந்தது. சிலுவைக்காக அல்ல. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையைத் தோளுக்கு மேலே, பின்ஜன்னல் வழியாகக் கரூஃபல்யாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த நாட்டில் அதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்ட வார்த்தை கிடையாது. அதனால்தான் கையால் திட்டுகிறார்கள்.

"இந்தா!" என்றார். "எல்லாருக்கும் சேத்து!"

இரண்டு நொடி. கை ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. ரயில் கோணவில்லை.

ஒப்பாரி நின்றது.

"கை வருது!" என்று கரூஃபல்யா கத்தினாள். "அஞ்சு விரலும் விரியுது! பாத்தீங்களாடி?"

"பேச்சும் வருது!"

"புனித அத்தனாசியோஸே!"

இருபத்திரண்டு பெண்களும் சிலுவை போட்டார்கள். மூன்றாம் பெட்டியில் இருந்தவர்களுக்கு அந்தக் கை தெரியவில்லை என்பதால், தங்களுக்கும் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டனுப்பினார்கள்.

எட்டு, ஒன்பது, பத்து என்று கோயில்கள் போயின. கை அசையாமல் கிடந்தது. இனி அது அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஒன்றுதான் என்று சராந்தோஸ் நினைத்தார். ரொதாந்தி எழுதாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சியில், பதினோராவது கோயிலின் முன்னால், அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பெண்கள் கூடைகளோடு இறங்கினார்கள், ஆனால் கோயிலுக்குள் போகவில்லை. எஞ்சினைச் சுற்றி நின்றார்கள்.

"கை ஒரு தடவை எடுத்தீங்க" என்றாள் ரொதாந்தி.

"ஆமா."

"பயணிகளோட பேசுனீங்க."

"ஆமா."

"கோயில்ல ஏன் எடுக்கல? புகாரே அதுக்குத்தானே."

"அதான் எடுக்கல." அவர் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். "நான் நம்புறவன் இல்ல, மேடம். இவங்க ஏறணும்னு போடுறேன். போட்டா நீங்க ரயில நிறுத்துவீங்க, போடலைன்னா இவங்க என்னைப் பொதச்சுருவாங்க. ரெண்டு வருஷம்தான் பாக்கி. எழுதிக்குங்க."

ரொதாந்தி படிவத்தை முன்பக்கம் திருப்பினாள். "ஓட்டும்போது அவசியமான சைகைக்காக ஒரு கைய எடுக்கலாம்னு இதுல இருக்கு. எச்சரிக்கை சைகை. நீங்க காட்டினது என்ன சைகை?"

பெண் பிள்ளையிடம் அதற்கு விளக்கம் சொல்லக் கூசிய சராந்தோஸ் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். ரொதாந்தி ஜன்னலுக்கு வெளியே திரும்பினாள்.

"பாட்டி, உங்களுக்குத்தான் காட்டினார். அது எச்சரிக்கையா?"

கரூஃபல்யா யோசித்தாள். முதல் முறையாக அந்தப் படிவம் எதற்கு என்பது அவளுக்குப் புரிந்தது.

"எச்சரிக்கைதான், பாப்பா" என்றாள். "என் வீட்டுக்காரர் நாப்பது வருஷம் என்னை எச்சரிச்சிருக்கார்."

"யாருக்காவது புகார் இருக்கா?"

"இருக்கு" என்றாள் ஸ்தமாதா. "சிலுவை போடல."

"வண்டி ஓடும்போது போடக்கூடாதும்மா."

"அப்போ நிறுத்திட்டுப் போடட்டும்!"

ரொதாந்தி அவளைப் பார்த்தாள். பிறகு படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். "நின்ன வண்டியில ஓட்டுநர் கைய என்ன பண்ணணும்னு இதுல எதுவும் இல்ல" என்றாள்.

கரூஃபல்யா கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு அவளிடம் நீட்டினாள். இன்னும் பாதிரியார் ஆசீர்வதிக்கவில்லையே என்று ஸ்தமாதா சொன்னாள். பசிக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் தேவையில்லை என்றாள் கரூஃபல்யா.

பரிசோதனை அறிக்கையில் இவ்வாறு இருந்தது: "பதினோரு வழிபாட்டிடங்களைக் கடக்கையில் கை எடுக்கப்படவில்லை. ஏற்றத்தில் ஒரு முறை, இரண்டு நொடி, பயணிகளுக்கான எச்சரிக்கை சைகை. வலது கையின் செயல்பாடு நேரில் காணப்பட்டது. ஓட்டத் தகுதியுடையவர்."

உரிமம் பிப்ரவரி மூன்றாம் தேதி இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. ரயில் இப்போது ஒவ்வொரு கோயிலின் முன்னாலும் நிற்கிறது. சராந்தோஸ் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்று முறை சிலுவை போட்டு, மறுபடி கிளப்புகிறார். ஏற்றத்தில் உள்ள ஆறாவது, ஏழாவது கோயில்களுக்கு எட்டாவதன் முற்றத்தில் சேர்த்துப் போட்டுவிடுகிறார். முன்பு பதினெட்டு நிமிடம் எடுத்த நடை, இப்போது நாற்பத்தோரு நிமிடம் எடுக்கிறது. அட்டவணையைத் திருத்தி அச்சடித்துவிட்டார்கள்.